தேர்தல் திகதி யார் கையில்?

2022இல் காலிமுகத்திடலில் திரண்டவர்கள் எழுப்பிய முழக்கங்களில் ஒன்று, பாராளுமன்றத்தில் இருக்கும் 225 பேருமே வேண்டாம் என்பது. எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்களின் ஆத்திரப் பேச்சு என்றே அப்போது பலரும் அதை எடுத்துக்கொண்டார்கள். 2024 நவம்பர் 14இல் நடந்த பொதுத்தேர்தலின் பெறுபேறுகள் வந்தபோது அந்தப் பேச்சில் பெரும்பகுதி நிறைவேறியிருந்தது. முந்தைய பாராளுமன்றத்தில் 3 ஆசனங்களோடு ஒரு மூலையில் இருந்த தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களோடு உள்ளே வந்தது. 2020இல் 145 ஆசனங்களை வென்ற பொதுஜன பெரமுன 3 ஆசனங்களுக்கு இறங்கியது. மஹிந்த ராஜபக்ஷவும் ரணில் விக்கிரமசிங்கவும் போட்டியிடவே இல்லை. நாமல் ராஜபக்ஷ தேசியப் பட்டியல் வழியாகத்தான் உள்ளே போக முடிந்தது. யாழ்ப்பாணத்தில் 1994 முதல் பாராளுமன்றத்தில் இருந்துவந்த டக்ளஸ் தேவானந்தா தோற்றார். தமிழரசுக் கட்சியின் எம்.ஏ. சுமந்திரனும் தோற்றார்.

வரலாறு காணாத மாற்றம் என்று இதைப் பலரும் எழுதினார்கள். ஆசனக் கணக்கில் அது சரி. ஆனால் ஆட்சியில் இருப்பவர்களை வீட்டுக்கு அனுப்புவது இலங்கை வாக்காளருக்குப் புதிய வேலை அல்ல. 1956இல் ஆளுங்கட்சியாகத் தேர்தலுக்குப் போன ஐக்கிய தேசியக் கட்சி 8 ஆசனங்களோடு திரும்பியது. அதன் பின் 1960 மார்ச், அதே ஆண்டு ஜூலை, 1965, 1970, 1977 என்று நடந்த ஒவ்வொரு பொதுத்தேர்தலிலும் பதவியில் இருந்த அரசு வீழ்ந்தது. ஆறு தேர்தல், ஆறு மாற்றம். 1931இலேயே சர்வசன வாக்குரிமை கிடைத்த நாடு இது (அந்த முதல் தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்தது என்பது தனிக்கதை). எனவே நம்முடைய அரசியல் மேடைகளிலும் தேநீர்க் கடைகளிலும் அடிக்கடி கேட்கிற அந்தப் புகார், சனங்களுக்குத் துணிவில்லை, ஒரு சோற்றுப் பொதிக்கும் ஒரு போத்தலுக்கும் விலைபோய் மறுபடி மறுபடி அதே ஆட்களைத்தான் அனுப்புகிறார்கள் என்ற புகார், இலங்கையின் தேர்தல் பெறுபேறுகளோடு பொருந்தவில்லை. வாக்காளர் தன் பங்கைத் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறார்.

பிறகு ஏன் ஒவ்வொரு முறையும் அதே வெறுப்பு, அதுவும் முன்னைவிடக் கூடிய வேகத்தில், திரும்பி வருகிறது? அரசியல்வாதிகள் எல்லோரும் கள்ளர் என்பது இதற்கு விடையாகாது. அப்படியானால் எழுபது வருடமாக ஆளை மாற்றிக்கொண்டே இருந்ததில் தற்செயலாகவேனும் சில நல்லவர்கள் வந்திருக்க வேண்டும், வந்தும் இருக்கிறார்கள். என் பார்வையில் காரணம் வேறு. பழைய ஆட்சிமீதுள்ள கோபத்தின் அளவுக்குப் புதிய ஆட்சிக்கு அதிகாரம் கிடைக்கிறது. அந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு புதியவர்கள் செய்த காரியங்களில் ஒன்று, அடுத்த முறை தாங்கள் எப்போது, எப்படி வாக்காளர் முன் நிற்பது என்பதைத் தங்களுக்கு வசதியாகத் திருத்திக்கொண்டது. ஊழல், குடும்ப ஆட்சி, வாரிசு என்று நாம் அதிகம் பேசுகிறோம். தேர்தல் திகதியைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

1970ஐ எடுத்துக்கொள்வோம். சிறிமாவோ பண்டாரநாயக்க தலைமையில் சுதந்திரக் கட்சி, சமசமாஜக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி சேர்ந்த ஐக்கிய முன்னணி, தேர்ந்தெடுக்கப்பட்ட 151 ஆசனங்களில் 116ஐப் பிடித்தது. ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தது 17. இத்தனைக்கும் நாடு முழுவதும் விழுந்த வாக்குகளில் சுதந்திரக் கட்சியைவிட ஐக்கிய தேசியக் கட்சிக்குத்தான் சற்று அதிகம். தொகுதிவாரி முறையும் எதிரணியின் தொகுதி உடன்பாடும் அந்தக் கணக்கைத் தலைகீழாக்கின. அந்த 116 பேரின் பலத்தில் 1972 மே 22இல் குடியரசு யாப்பு வந்தது. சிறுபான்மையினருக்குச் சோல்பரி யாப்பில் இருந்த 29ஆம் பிரிவு போனது, பௌத்தத்துக்கு முதன்மை இடம் வந்தது என்பன தமிழர் நன்கு அறிந்தவை. அதே யாப்பு இன்னொன்றையும் செய்தது: ஐந்து வருடத்துக்குத் தெரிவான உறுப்பினர்கள் தங்கள் ஐந்து வருடத்தை 1972இலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கினார்கள். 1975இல் வாக்காளரிடம் போயிருக்க வேண்டியவர்கள் 1977வரை இருந்தார்கள். யாப்பைத் தமிழர் ஏற்கிறார்களா என்று சோதித்துப் பார்க்கும்படி சவால் விட்டு, 1972 ஒக்டோபரில் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்தார் தமிழ்த் தலைவர் செல்வநாயகம். ஓர் உறுப்பினர் வாக்காளரிடம் நேரே தீர்ப்புக் கேட்ட அபூர்வமான தருணம் அது. அந்த இடைத்தேர்தலை அரசு 1975 பெப்ரவரிவரை இழுத்தடித்தது. அவர் பெரும் வித்தியாசத்தில் வென்றார். ஆனால் இரண்டு வருடத்துக்கு மேல் தாமதமாக வந்த அந்த வெற்றியை வைத்து யாப்பு விவாதத்தில் செய்வதற்கு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. அதற்குள் வடக்கின் இளைஞர்கள் வேறு முடிவுகளுக்கு வரத் தொடங்கியிருந்தார்கள்.

நீட்டித்த அந்த இரண்டு வருடங்கள் சிறிமாவோவுக்கும் நன்மை செய்யவில்லை. தட்டுப்பாடும் வேலையின்மையும் பங்கீட்டு வரிசைகளும் கோபத்தை வளர்த்தன. 1977 ஜூலையில் அது வெடித்தபோது சுதந்திரக் கட்சி 8 ஆசனங்களுக்கு வந்தது. இடதுசாரிக் கட்சிகள் இரண்டுக்கும் ஒன்றுகூட இல்லை. ஐக்கிய தேசியக் கட்சிக்கு 168இல் 140. 18 ஆசனங்களோடு தமிழர் விடுதலைக் கூட்டணி பிரதான எதிர்க்கட்சியாகி, அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். தார்மிக சமுதாயம் அமைப்பதாக வாக்களித்து வந்த ஜே.ஆர். ஜயவர்தன, ஆறில் ஐந்து பங்கு பெரும்பான்மையை வைத்து என்ன செய்தார் என்பதை மறுபடி படிக்கும்போதும் வியப்பாகத்தான் இருக்கிறது. 1978இல் நிறைவேற்றதிகார ஜனாதிபதி முறை. 1980இல் சிறிமாவோவின் குடியியல் உரிமைகள் பறிப்பு. அதனால் 1982 ஜனாதிபதித் தேர்தலில் அவர் நிற்க முடியவில்லை. ஜே.ஆர். தன் கட்சி எம்.பி.க்களிடம் திகதியிடாத இராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். 1982 டிசம்பர் 22இல், பொதுத்தேர்தலுக்குப் பதிலாக, இருக்கிற பாராளுமன்றமே இன்னும் ஆறு வருடம் இருக்கட்டுமா என்று சர்வசன வாக்கெடுப்பு. விளக்குக்குப் போட்டால் இருக்கலாம், குடத்துக்குப் போட்டால் போகவேண்டும். அச்சுறுத்தலும் முறைகேடும் மலிந்த அந்த வாக்கெடுப்பில் விளக்குக்கு 54 சதவீதத்துக்குச் சற்று மேல் கிடைத்ததாக அறிவிக்கப்பட்டது. 1977 ஜூலைக்குப் பிறகு இலங்கை கண்ட அடுத்த பொதுத்தேர்தல் 1989 பெப்ரவரியில். 1977இல் ஏழு வயதுப் பிள்ளையாக இருந்தவர் அந்தத் தேர்தலில் வாக்காளராக நின்றார்.

வடக்கு கிழக்கில் இதன் விலை இன்னும் கூடியது. யாழ்ப்பாண மாவட்டம் நீட்டிப்பை அமோகமாக நிராகரித்தது. அது கணக்கில் எடுபடவில்லை. 1983 கலவரத்தை அடுத்து ஓகஸ்டில் வந்த ஆறாவது திருத்தம் பிரிவினைக்கு எதிரான சத்தியப்பிரமாணத்தைக் கேட்டது. கூட்டணி எம்.பி.க்கள் அதை எடுக்க மறுத்து ஆசனங்களை இழந்தார்கள். பாராளுமன்றத்தின் ஆயுளோ நீட்டப்பட்டிருந்தது. ஆக, 1989வரை அந்த வாக்காளர்களுக்குத் தாங்கள் தெரிந்தெடுத்தவர்களும் இல்லை, புதிதாகத் தெரிந்தெடுக்க வழியும் இல்லை. ஆயுத இயக்கங்கள் அதற்கு முன்பே இருந்தன; தேர்தல் நடந்திருந்தால் யுத்தம் வந்திராது என்று சொல்வது மிகை. ஆனால் ஒரு சமூகத்தின் அதிருப்தியை அளக்கவும் அதற்குப் பதில் சொல்லவும் இருந்த கடைசிக் கருவியையும் கொழும்பு தானாகவே ஒதுக்கி வைத்த காலம் அது என்பதை மறுக்க முடியாது.

விகிதாசார முறை வந்ததும் இந்த நோய் தீரும் என்று எதிர்பார்த்தார்கள். ஒரு கட்சிக்கு மூன்றில் இரண்டு கிடைப்பது அரிதாகிவிடும் என்பது கணக்கு. கணக்கு பெரும்பாலும் பலித்தது, ஆனால் கட்சி தாவுதல் அந்த இடைவெளியை நிரப்பியது. 2010 ஏப்ரலில் ஜனாதிபதி மஹிந்தவின் கூட்டணிக்கு 144 ஆசனங்கள். மூன்றில் இரண்டுக்கு 150 வேண்டும். எதிரணியில் வென்று வந்தவர்கள் கை கொடுக்க, செப்டெம்பரில் 18ஆவது திருத்தம் நிறைவேறி, ஒருவர் இரு முறைதான் ஜனாதிபதியாகலாம் என்ற வரம்பு நீங்கியது. 2015இல் அவரை வீட்டுக்கு அனுப்பிய வாக்காளர்களின் பலத்தில் 19ஆவது திருத்தம் அந்த வரம்பை மீட்டது. 2019இல் அந்த ஆட்சிமீது சலித்து கோட்டாபய ராஜபக்ஷவை ஜனாதிபதியாகக் கொண்டுவந்தார்கள். 2020இல் அவருடைய கட்சிக்கு 145 ஆசனங்கள். ஒக்டோபரில், மறுபடியும் எதிரணிப் பட்டியலில் வென்ற சிலரின் தயவோடு, 20ஆவது திருத்தம் ஜனாதிபதியின் கையில் அதிகாரத்தைத் திரும்பக் குவித்தது. 1994இல் சந்திரிகா நிறைவேற்றதிகார ஜனாதிபதி முறையை 1995 ஜூலைக்குள் ஒழிப்பதாகத் தவணை சொல்லியே பதவிக்கு வந்தார். அந்த முறை இன்றும் இருக்கிறது. தேர்தலில் தண்டிக்கப்பட்டவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். வந்தவர்கள் ஓரிரு வருடத்துக்குள் அதே பெட்டியைத் திறந்தார்கள்.

இதில் ராஜபக்ஷக்களையோ ஜே.ஆரையோ மட்டும் வில்லன்களாக நிறுத்துவது எளிது, ஆனால் சரியல்ல. நல்லாட்சி என்ற பெயரோடு 2015இல் வந்தவர்களின் கதையைப் பாருங்கள். ஜனநாயகத்தை மீட்க வந்தவர்கள். 19ஆவது திருத்தத்தைக் கொண்டுவந்தவர்கள். அவர்கள் காலத்தில்தான் 2015இல் ஆயுள் முடிந்த உள்ளூராட்சி மன்றங்களுக்கு 2018 பெப்ரவரிவரை தேர்தல் நடக்கவில்லை. கடைசியில் நடந்தபோது, அப்போதுதான் முளைத்திருந்த பொதுஜன பெரமுன நாடெங்கும் சபைகளை அள்ளியது. அரசுக்கு வந்த தெளிவான எச்சரிக்கை அது. அரசு அதிலிருந்து கற்ற பாடமோ, இனித் தேர்தலே வேண்டாம் என்பதாக இருந்தது. அதற்கு முன்பே, 2017இல், மாகாண சபைத் தேர்தல் முறையை மாற்றும் சட்டத்தைக் கொண்டுவந்திருந்தார்கள். புதிய முறைக்குத் தொகுதி எல்லைகள் தேவை. எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தது. அதற்கு ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லைகள் இல்லை. இந்த இடுக்கில் ஒன்பது மாகாண சபைகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் காலாவதியாகின. 2013 செப்டெம்பரில் 38இல் 30 ஆசனங்களைத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குத் தந்து வடக்கு மக்கள் தெரிவுசெய்த சபை 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு அந்த மாகாணத்தை நடத்துபவர் ஜனாதிபதி நியமித்த ஆளுநர். ஒரு தேர்தலை இரத்துச் செய்ய இராணுவமோ அவசரகாலச் சட்டமோ தேவையில்லை, ஒரு சட்டத்தை அரைகுறையாக விட்டாலே போதும் என்பதை இந்த நாட்டுக்குக் காட்டிக்கொடுத்தவர்கள் நல்லாட்சிக்காரர்கள்தான். எல்லாக் கட்சிகளும் கூடிச் செய்ததால் எந்தக் கட்சியையும் குற்றம் சாட்டவும் முடிவதில்லை.

2022இன் வெடிப்பை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு குளத்துக்கு வான் கட்டாமல் அணையை மட்டும் உயர்த்திக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று வன்னி விவசாயிக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. அந்த ஏப்ரலில் நாடு கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அறிவித்தது. ஜனாதிபதிக்கு இன்னும் இரண்டரை வருடம் இருந்தது, பாராளுமன்றத்துக்கு மூன்று வருடத்துக்கு மேல். மாகாண சபைகள் இல்லை. உள்ளூராட்சித் தேர்தல் 2022இன் தொடக்கத்தில் வந்திருக்க வேண்டியது. அதையும் ஒரு வருடம் தள்ளிவைத்திருந்தார்கள். வாக்குச்சீட்டில் கோபத்தைக் காட்ட ஓர் இடமும் இல்லாதபோது அது வீதிக்கு வந்தது. மே 9இல் அரச ஆதரவாளர்கள் காலிமுகத்திடலில் போராட்டக்காரர்களைத் தாக்கினார்கள். அன்று இரவே ஆளுங்கட்சியினரின் வீடுகள் பல எரிந்தன. நிட்டம்புவவில் ஒரு எம்.பி. கொல்லப்பட்டார். ஜூலை 9இல் ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்தது, சில நாட்களில் கோட்டாபய நாட்டை விட்டு ஓடினார். அவருக்குப் பதிலாக வந்தவர் யார்? 2020 தேர்தலில் கொழும்பில் தோற்றவர். தன் கட்சிக்குக் கிடைத்த ஒரேயொரு தேசியப் பட்டியல் ஆசனத்தின் வழியாக 2021 ஜூனில் பாராளுமன்றத்துக்கு வந்தவர். 2022 ஜூலை 20இல் அந்த 225 பேரில் 134 பேரின் வாக்கால் ஜனாதிபதியானவர். ரணில் பொருளாதாரத்தை நிலைப்படுத்தினார் என்பதை அவருடைய எதிரிகளும் ஓரளவு ஏற்பார்கள். அது வேறு விடயம். வாக்காளர் நிராகரித்த ஒருவரை, வாக்காளர் வெறுத்த ஒரு பாராளுமன்றம், வாக்காளரைக் கேட்காமலே நாட்டின் தலைவராக்கியது; அதில் யாப்புக்கு முரணாக எதுவும் இல்லை என்பதுதான் யோசிக்க வேண்டியது. 2023 மார்ச் 9க்குக் குறிக்கப்பட்ட உள்ளூராட்சித் தேர்தலும் திறைசேரியில் பணமில்லை என்ற காரணத்தோடு நின்றது. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஒன்றரை வருடம் பிந்திய தீர்ப்பு.

இந்த வாதத்துக்கு மறுப்புகள் இருக்கின்றன. முதலாவது, பலவீனமான ஆட்சியைவிடப் பலமான ஆட்சி மேல் என்பது. 2015 முதல் 2019வரை ஜனாதிபதி மைத்திரியும் பிரதமர் ரணிலும் ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டிருந்ததில் நாடு பட்ட பாட்டை, அந்தப் பிளவின் நடுவே 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுகள் வெடித்ததை, யாரும் மறக்கவில்லை. வாக்காளர் கோட்டாபயவைத் தேடிப் போனதற்கு அந்த அனுபவமே பெரிய காரணம். மறுக்க மாட்டேன். ஆனால் அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 2018 ஒக்டோபர் 26இல் மைத்திரி ஒரே இரவில் ரணிலை நீக்கி மஹிந்தவைப் பிரதமராக்கி, பின்னர் பாராளுமன்றத்தையும் கலைத்தார். எவருக்கும் தனிப் பெரும்பான்மை இல்லாத அந்தப் பாராளுமன்றம் மஹிந்தவை ஏற்க மறுத்தது. நாலரை வருடத்துக்கு முன் கலைக்க முடியாது என்ற 19ஆவது திருத்தத்தின் விதியை வைத்து உயர் நீதிமன்றம் கலைப்பைச் செல்லாது என்றது. மூன்றில் இரண்டு பலத்தோடு ஒருவர் இருந்திருந்தால் அந்த ஒக்டோபர் எப்படி முடிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பலமான ஆட்சி வேண்டும் என்பவர்கள் கேட்பது உண்மையில் முடிவெடுக்கக்கூடிய ஆட்சியை. அதற்குச் சாதாரணப் பெரும்பான்மை, 113 பேர், போதும்.

இரண்டாவது மறுப்பு பொருளாதாரம் படித்தவர்களிடமிருந்து வருவது. அடிக்கடி தேர்தல் வந்தால் அரசுகள் மானியமும் வரிச்சலுகையும் அள்ளி வீசும், கசப்பான மருந்தைக் கொடுக்கத் துணியாது என்பார்கள். 2019 டிசம்பரில் கோட்டாபய அரசு பெறுமதி சேர் வரியை 15இலிருந்து 8 சதவீதமாக வெட்டியது தேர்தல் வாக்குறுதிதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாட்டின் வயலை அழித்த முடிவு எப்போது எடுக்கப்பட்டது? இயற்கை விவசாயத்துக்குப் பத்து வருடத்தில் மாறுவோம் என்று தேர்தல் அறிக்கையில் சொன்னதை 2021இல் ஒரே நாளில் செய்ய முயன்றார்கள். இரசாயன உர இறக்குமதித் தடை வந்தபோது எந்தத் தேசியத் தேர்தலும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. கையில் மூன்றில் இரண்டு; முன்னால் வாக்காளர் முகத்தைப் பார்க்க வேண்டாத நீண்ட காலம். தேர்தல் பயத்தால் செய்யப்படும் தவறுகள் பட்ஜெட்டில் துண்டு விழச் செய்யும். அந்தப் பயமே இல்லாமல் செய்த தவறு நெல்லையும் தேயிலையையும் ஒரு பருவத்தில் வீழ்த்தியது. அடுத்த மாதம் மாகாண சபைத் தேர்தல் என்ற நிலை இருந்திருந்தால், அநுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் வாக்குக் கேட்கப் போகவேண்டிய வேட்பாளர்களே அந்த வர்த்தமானியைத் தடுத்திருப்பார்கள் என்பது என் நம்பிக்கை.

மூன்றாவது மறுப்புதான் இன்று அதிகம் கேட்பது: இவர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல. ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் அவருடைய தேசிய மக்கள் சக்தி அணியினரும் பழைய பரம்பரைகளிலிருந்து வரவில்லை. ஊழல் கறை அவர்களில் இல்லை. 159 பேரில் மிகப் பெரும்பாலானோர் முதன்முறையாகப் பாராளுமன்றம் வந்தவர்கள். இதில் உண்மை இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்ல விருப்பமில்லை. கலாநிதிப் பட்டம் பற்றிய கேள்வி எழுந்ததும் சபாநாயகர் மூன்று வாரங்களில் பதவி விலகினார்; பழைய ஆட்சிகளில் இது நடந்திராது. ஆனால் என் கேள்வி நேர்மையைப் பற்றியதல்ல. 1970இல் வந்து யாப்பை எழுதியவர்களில் என்.எம். பெரேராவும் கொல்வின் ஆர்.டி. சில்வாவும் இருந்தார்கள், அவர்களின் தனிப்பட்ட நேர்மையை எதிரிகளும் சந்தேகித்ததில்லை. தங்கள் ஆயுளைத் தாங்களே நீட்டியதும் அவர்கள்தான். நல்ல காரியத்தை முடிக்க இன்னும் கொஞ்சம் காலம் வேண்டும் என்பது நேர்மையானவர்களுக்குத்தான் அதிகம் தோன்றுகிற எண்ணம். புதிய அரசு எதை முதலில் செய்தது, எதைப் பிந்தியது என்பதையும் பார்க்க வேண்டும். முன்னாள் ஜனாதிபதிகளின் வீடு, வாகனம், சலுகைகளை நீக்கும் சட்டம் 2025 செப்டெம்பரில் நிறைவேறியது. மறுநாளே மஹிந்த விஜேராம இல்லத்தைக் காலி செய்தார். மக்கள் கைதட்டினார்கள், தட்ட வேண்டியதுதான். ஆனால் நிறைவேற்றதிகார ஜனாதிபதி முறையை ஒழிக்கும் யாப்பு வரைவு, பயங்கரவாதத் தடைச் சட்ட நீக்கம், மாகாண சபைத் தேர்தல் ஆகிய மூன்றும் ஓராண்டு கடந்தபோதும் வாக்குறுதிகளாகவே இருந்தன. போனவர்களைத் தண்டிக்கும் சட்டங்கள் விரைவாக வருகின்றன. இருப்பவர்களின் அதிகாரத்தைக் குறைக்கும் சட்டங்களுக்குக் குழுக்களும் ஆய்வுகளும் தேவைப்படுகின்றன.

தமிழ் வாக்காளர்களின் அண்மைய நடத்தையில் ஒரு நல்ல சான்று இருக்கிறது. 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் அநுரவுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 7 சதவீதம். எட்டு வாரங்களில் அது 25 சதவீதத்தை எட்டி, 6 ஆசனங்களில் 3ஐத் தந்தது. தமிழ்த் தேசியத்தை யாழ்ப்பாணம் கைவிட்டது என்று தெற்கில் எழுதினார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. டசின்கணக்கான பட்டியல்களாக வாக்குகள் சிதறியதாலும், முதலாவது வந்த கட்சிக்குப் போனஸ் ஆசனம் போனதாலும், கால்பங்கு வாக்கு அரைப்பங்கு ஆசனமாகியது. அதே நாளில் மட்டக்களப்பில் தமிழரசுக் கட்சி 5இல் 3ஐ வென்றது. 22 மாவட்டங்களில் தேசிய மக்கள் சக்தி முதலிடம் பெறாத ஒரே மாவட்டம் அது. ஏன் இந்த வேறுபாடு? மட்டக்களப்பில் அரசோடு ஒட்டி இருந்து அதிகாரம் செலுத்தியவர் பிள்ளையான் என்கிற சிவநேசதுரை சந்திரகாந்தன். அங்கே கோபம் அவர்மீது போய், அவர் ஆசனத்தை இழந்தார். யாழ்ப்பாணத்தில் மக்களின் கண்ணுக்கு டக்ளஸோடு சேர்த்துத் தமிழரசுக் கட்சியும் இருக்கையில் இருப்பவராகத் தெரிந்தது. தலைமைப் போட்டியை நீதிமன்றம்வரை கொண்டுபோன கட்சி வேறு எதை எதிர்பார்த்தது? பெயர்ப்பலகை எதுவாக இருந்தாலும் அவரவர் ஊரில் இருக்கையில் இருந்தவரையே வாக்காளர் எழுப்பினார்.

உள்ளூராட்சித் தேர்தல் கடைசியாக 2025 மே 6இல் நடந்தது. பொதுத்தேர்தல் முடிந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. நாடளவில் தேசிய மக்கள் சக்தியின் வாக்கு 61 சதவீதத்திலிருந்து 43 சதவீதத்துக்கு இறங்கியது. வடக்கில் தமிழரசுக் கட்சி மறுபடி முன்னுக்கு வந்தது. யாரும் ஒரு வீட்டையும் எரிக்கவில்லை, எந்த அரசும் கவிழவில்லை. தமிழரசுக் கட்சிக்கு நவம்பரில் ஓர் அடி விழுந்தது. மே மாதத்தில் இன்னொரு வாய்ப்புக் கிடைத்தது. கொழும்பு அரசுக்கு, யாழ்ப்பாணத்தில் கிடைத்த 3 ஆசனங்கள் நிரந்தர உரிமைப் பத்திரம் அல்ல என்ற செய்தி போனது. உரிய காலத்தில் ஒரு சிறிய தேர்தல் நடந்தால் அது செய்யக்கூடியது இவ்வளவும். 2018இன் எச்சரிக்கையை நல்லாட்சி அரசு காதில் போட்டுக்கொள்ளாதது தேர்தலின் குற்றமல்ல.

ஆகவே வாக்காளரின் கோபத்தைக் குறைகூறுகிறவர்களோடும், அடுத்த முறை எல்லோரையும் விரட்டினால் சரியாகிவிடும் என்பவர்களோடும் என்னால் உடன்பட முடியவில்லை. எந்தத் தனி வாக்காளரும் ஒரு கட்சிக்கு மூன்றில் இரண்டு கொடுக்க முடிவெடுத்து வாக்குச்சாவடிக்குப் போவதில்லை. இலட்சக்கணக்கான தனி முடிவுகளின் கூட்டல் அது. அதனால் நிதானமாக வாக்களியுங்கள் என்று உபதேசிப்பதில் பயனில்லை. மாற்றக்கூடியது விதிகளை. மூன்று மட்டத் தேர்தல்களுக்கும் திகதி சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். அமைச்சரின் வர்த்தமானிக்கோ திறைசேரிச் செயலாளரின் கடிதத்துக்கோ அது காத்திருக்கக் கூடாது. தேர்தலுக்கான பணம் ஆணைக்குழுவுக்கு நேரே போக வேண்டும். தேர்தல் முறையைத் திருத்த வேண்டுமானால், புதிய முறை முழுமையாகத் தயாராகும்வரை பழைய முறைப்படியே தேர்தல் நடக்கும் என்ற ஒரு வரி ஒவ்வொரு திருத்தத்திலும் இருக்க வேண்டும். 2017 சட்டத்தில் அந்த ஒரு வரி இருந்திருந்தால் ஒன்பது சபைகள் இன்று உயிரோடு இருந்திருக்கும்.

மாகாண சபைகளுக்குப் பழைய விகிதாசார முறைப்படியே தேர்தலை நடத்த வழிசெய்யும் தனிநபர் சட்டமூலத்தைச் சுமந்திரன் முந்தைய பாராளுமன்றத்தில் முன்வைத்தார், அது சட்டமாகவில்லை. அதை எழுதப் புதிதாகக் குழு வேண்டாம், எல்லை நிர்ணயம் வேண்டாம், ஆய்வறிக்கை வேண்டாம். தேசிய மக்கள் சக்தியின் மையமான ஜே.வி.பி. 1987இல் 13ஆவது திருத்தத்தை எதிர்த்த இயக்கம், வடக்கு கிழக்கு இணைப்பைப் பிரிக்க நீதிமன்றம் சென்ற கட்சி என்பதால் அதன் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது. ஆனால் காலாவதியாகிக் கிடப்பவை வடக்கும் கிழக்கும் மட்டுமல்ல. அநுர தெரிவாகி வந்த கொழும்பு மாவட்டம் அடங்கிய மேல் மாகாணமும், அவர் வளர்ந்த வடமத்திய மாகாணமும் ஆளுநரின் கீழ்தான் இருக்கின்றன. சாதாரணச் சட்டத்துக்கு 113 வாக்குகள் வேண்டும். நீதிமன்றம் மூன்றில் இரண்டு கேட்டாலும் 150. அரசிடம் 159 இருக்கிறது.